திரைக்குப் பின்னால் ஒரு வேட்டை நாய்

காலை ஒன்பது மணிக்குக் கர்ட்டன் கடையின் ஷட்டர் மேலே ஏறியதும், தெருவில் போகிறவர்களில் பாதிப் பேர் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். கர்ட்டன் பார்ப்பதற்காக அல்ல. கண்ணாடிக்குப் பின்னால், சந்தன நிறத் துணிக்கும் நீலத் துணிக்கும் நடுவில், ஒரு சின்னக் கம்பளத்தின் மேல் துரை நின்றுகொண்டிருந்தது. துரை ஒரு நாய்.

நீண்டு மெலிந்த முகம். ஒட்டிய வயிறு. கால்கள் மட்டும் உடம்பைக் கேட்காமலே வளர்ந்துவிட்டவை போல உயரமாக இருந்தன. காதுகளிலிருந்து பொன்னிற மயிர் மெல்லிய நூலாகத் தொங்கியது. அது யாரையும் பார்த்துக் குரைப்பதில்லை, வாலாட்டுவதுமில்லை. எல்லோருடைய தலைக்கும் மேலாக, தெருவைத் தாண்டி, கட்டடங்களையும் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும்.

“என்ன சார், எலும்பும் தோலுமா இருக்கு? சாப்பாடு போடறீங்களா இல்லையா?” என்று தினமும் யாராவது ஒருவர் கேட்பார். கர்ட்டன்காரர் அதற்காகவே காத்திருந்ததுபோல் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வருவார்.

“இதோட வாகே அப்படித்தான் சார். சாதாரண நாயா இது? ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழைய வேட்டை இனம். மத்த நாயெல்லாம் மோந்து பார்த்துத் தேடும். இது கண்ணால பார்த்தே துரத்தும். அந்தக் கோடியில ஒரு முயல் காதை ஆட்டினாக்கூட இதுக்குத் தெரிஞ்சுடும். உலகத்துலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. அதுல ஒண்ணு இங்க நிக்குது.”

துரை என்பது அவருடைய மனைவி வைத்த பெயர். வந்த முதல் நாளே நாய் நேராகப் போய் சோபாவில் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால், திரும்பலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. “வந்துட்டாரு துரை. நமக்கு இனிமே சம்பளமில்லாத உத்தியோகம்,” என்றாள் அவள், கர்ட்டனுக்கு ஓரம் அடித்துக்கொண்டே. தையல் மிஷினில் அவள் கையும் நின்றதில்லை, வாயும் நின்றதில்லை.

கர்ட்டன்காரருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபத்தைந்து வருடமாக அவர் அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை அளந்தவர். பெரிய பெரிய வீடுகளில் ஏணி போட்டு ஏறி, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று காதில் செருகிய பென்சிலால் எழுதிக்கொள்வார். “பார்த்து இறங்குங்க, தரையில கோடு விழுந்துடும்,” என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு வீட்டில்தான், ஆளுயர ஜன்னலுக்குப் பக்கத்தில், சாய்ந்த வெயிலில் இதே மாதிரி ஒரு நாய் நிற்பதைப் பார்த்தார். அளந்த அளவை அப்படியே மறந்துபோய், மறுபடி ஏணியில் ஏறி அளந்தார். அன்றிலிருந்து அது அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

நாய்த் தரகர் ஒருவர் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். “அழிஞ்சுக்கிட்டிருக்கிற இனம் சார். உங்களை மாதிரி நாலு நல்லவங்க எடுத்தாதான் பொழைக்கும்,” என்றார். கர்ட்டன்காரர் உருகிப்போனார். ஒரு பொருளை வாங்கும்போது கூடவே புண்ணியத்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்? தான் நாய் வாங்கியதாக அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை. ஒரு வம்சத்தையே காப்பாற்றியதாக நினைத்தார்.

குட்டி வளர்ந்தது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். இவ்வளவு நாள் ‘கர்ட்டன்’ என்று மட்டும் அழைக்கப்பட்டவர், ‘அந்த நாய் வெச்சிருக்காரே, அவர்’ ஆனார். அந்தப் பட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. பாவம், மனுஷனுக்கு வேறு என்ன பட்டம் கிடைத்தது?

துரைக்கு ஒரு வயதான சமயம், ஒரு மதியம் தெருவில் ஒரு காலி பிளாஸ்டிக் பை காற்றில் எழும்பியது. குப்பைப் பைதான். ஆனால் அது தரையோடு தரையாகத் தாவித் தாவி ஓடிய விதம் துரையின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்றை எழுப்பிவிட்டது. கடைக் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு கர்ட்டன்காரர் நிமிர்ந்தபோது கம்பளம் காலியாக இருந்தது. வண்டிகள் பிரேக் போட்டு அலறின. அவர் செருப்பில்லாமல், கையில் கத்தரிக்கோலோடு நான்கு தெரு ஓடினார். எதற்குக் கத்தரிக்கோல் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் ஒரு முட்டுச் சந்தில், மார்பிலும் காலிலும் ரத்தம் வழிய, கண்கள் பளபளக்க துரை நின்றது. அன்றைக்குப்போல உயிர்ப்போடு அதை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அன்று அவருக்கு அது தோன்றவில்லை. பயம் மட்டும்தான் தோன்றியது.

அந்தப் பயத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கண்ணால் பார்த்தால்தானே ஓடும்? பார்க்காவிட்டால்?

கடைக்கு மேலேதான் வீடு. அதில் பின்பக்க அறையைத் துரைக்கு ஒதுக்கினார். இரண்டு ஜன்னல், பால்கனிக்கு ஒரு கதவு. மூன்றுக்கும் தன் கையாலேயே இருட்டுத் துணி தைத்தார். வெளிச்சம் ஒரு ஊசிமுனைகூட நுழையாத கனத்த துணி அது. பகலில் தூங்குகிறவர்கள் கேட்டு வாங்குவார்கள். மூன்று அடுக்கு கொடுத்து, கீழ் மடிப்புக்குள் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்துத் தொங்கவிட்டார். முதல் பத்து நாள் துரை திரையின் ஓரத்தில் மூக்கை நுழைத்து நுழைத்து வெளியே பார்க்க முயன்றது. அவர் அந்த ஓரத்தையும் சுவரோடு ஒட்டி ஆணி அடித்தார். வெளிக்குப் போக மட்டும் தடித்த கயிற்றில் கட்டி மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவார். சுற்றுச்சுவர் உயரம். அங்கேயும் ஆகாயத்தைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை.

அப்புறம் துரை அடங்கிவிட்டது.

இந்த இடத்தில் கர்ட்டன்காரர் ஒரு தப்பு செய்தார். கர்ட்டன் தைப்பவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவர் தொழிலில் நல்ல திரை என்றால் ஆடாமல் தொங்க வேண்டும். காற்றுக்கு அலைந்தால் தையல் சரியில்லை, எடை போதவில்லை என்று அர்த்தம். அசையாமல் நிற்கும் திரையைப் பார்த்தால் அவருக்கு மனசு நிறைந்துவிடும். அதே கண்ணால் நாயையும் பார்த்தார். துரை அசையவில்லை. எனவே வளர்ப்பு சரியாக இருக்கிறது.

“பார்த்தியா, எவ்வளவு பக்குவமாயிட்டான்?” என்றார் மனைவியிடம். “நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லைன்னு சொல்வாங்க. நம்ம துரை அந்தப் பழமொழியையே பொய்யாக்கிட்டான்.”

“வேலை இல்லைங்கறது மட்டும் உண்மைதான்,” என்றாள் அவள்.

குறை ஒன்றும் வைக்கவில்லை அவர். மெத்தை, மின்விசிறி, வேகவைத்த கோழி, இரண்டு முட்டை. மதியம் சாப்பாடு முடிந்ததும் அந்த அறையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மீதி நாளை அவர் ஓட்டினார் என்றுகூடச் சொல்லலாம்.

ஏனென்றால் துரை தூக்கத்தில் ஓடும்.

முதலில் கால் விரல்கள் துடிக்கும். பிறகு முன்னங்கால்கள், பின்னங்கால்கள். படுத்த இடத்திலேயே நான்கு கால்களும் தாளம் பிடித்ததுபோல் முன்னும் பின்னும் போய்வரும். மூச்சு வேகமாகும். மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடும். தொண்டையிலிருந்து, விழித்திருக்கும்போது ஒரு நாளும் வராத ஒரு சின்னக் கூவல் வரும். இருட்டில் கண் பழகிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவருக்கும் ஒரு மயக்கம் வந்துவிடும். சுவர்கள் விலகுவது போலிருக்கும். முடிவே இல்லாத ஒரு வெளி, அதில் வளையும் புல், அதற்கு நடுவே ஒரு பொன்னிறக் கீற்று போய்க்கொண்டே இருக்கும். சில நாட்களில் அவரும் அந்தப் புல்லில் நின்று, முழங்காலில் புல் உரச, எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார். மனைவி வந்து தோளைத் தொட்டால்தான் கடை ஞாபகம் வரும்.

ஒரு நாள் அவளும் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரிப்பவள், அன்று சிரிக்கவில்லை.

“என்னங்க, தூங்கும்போதுதான் இவன் முழிச்சிருக்கான்,” என்றாள்.

அவருக்கு அது ஏதோ அழகான பேச்சாகப் பட்டது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

துரைக்கு மூன்று வயதானபோது அரிய நாய் இனங்களின் கண்காட்சி ஒன்று வந்தது. தரகர்தான் ஓடிவந்து சொன்னார். “பரிசு வாங்கிட்டா அப்புறம் உங்க கடை இருக்கிற தெருவுக்கே உங்க நாய் பேரை வெச்சுடுவாங்க சார். நம்மகிட்ட ஒரு பெட்டையும் இருக்கு, ஜோடி சேர்த்துடலாம்.” கர்ட்டன்காரர் துரையை மூன்று நாள் சீவினார். மனைவி ஒரு பையில் தண்ணீரும் கிண்ணமும் துண்டும் எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

பெரிய மண்டபம். நடுவில் பச்சை விரிப்பு போட்ட வட்டம். நடுவராக வந்திருந்தவர் ஒரு மிருக வைத்தியர். நடுத்தர வயதுப் பெண்மணி. துரை வட்டத்துக்குள் போய் நின்றது. நிற்பது ஒன்றுதான் அதற்கு நன்றாகத் தெரியுமே. கூட்டம் தானாகவே அமைதியானது. நடுவர் பல்லைப் பார்த்தார், தோளைத் தடவினார், இரண்டடி பின்னால் போய் நின்று மறுபடி பார்த்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி. கர்ட்டன்காரருக்கு நெஞ்சு விம்மியது.

“ரொம்ப அழகான உருவம். சரி, ஒரு சுத்து ஓட விடுங்க,” என்றார் நடுவர்.

கர்ட்டன்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். துரை நான்கு எட்டு வைத்தது. ஐந்தாவது எட்டில் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஏழாவதில் அது விரிப்பின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவர் இழுத்தார். அது எழுந்து பார்த்தது, தொடை நடுங்கியது, மறுபடி உட்கார்ந்தது. அவமானப்பட்டதுபோல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

நடுவர் மண்டியிட்டு அதன் தொடையில் கை வைத்தார். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“இவன் கடைசியா எப்ப ஓடினான்?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவ்வளவு பேர் முன்னால் கர்ட்டன்காரருக்கு நாக்கு குழறிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார். “தினமும் ஓடுவான்மா... தூக்கத்துல.”

சுற்றிலும் கொல்லென்று சிரிப்பு. நடுவர் சிரிக்கவில்லை. கர்ட்டன்காரரின் மனைவியும் சிரிக்கவில்லை.

பிறகு ஓரமாகக் கூட்டிப்போய் அந்த டாக்டரம்மா பேசினார். “இவனுக்கு வியாதி எதுவும் இல்ல சார். ஓடறதுக்குன்னே அமைஞ்ச உடம்பு இது. இதயமும் நுரையீரலும் அதுக்குத் தக்க அளவுல இருக்கு. நீங்க உட்கார வெச்சே தொடைச் சதையை எல்லாம் கரைச்சுட்டீங்க. இப்படியே விட்டா அடுத்த வருஷம் மாடிப்படி ஏற மாட்டான். அதுக்கு அடுத்த வருஷம் இருப்பானான்னு என்னால சொல்ல முடியாது.”

“நான் என்னம்மா குறை வெச்சேன்? மெத்தையிலதான் படுக்கிறான். என் தட்டுல இல்லாதது அவன் தட்டுல இருக்கும்.”

“குறையே வைக்கல சார். எல்லாத்தையும் வெச்சீங்க, வாழறதுக்கு மட்டும் வழி வைக்கல.”

வீடு திரும்பும் வழியெல்லாம் கர்ட்டன்காரர் பொருமிக்கொண்டே வந்தார். அந்த அம்மாவுக்கு வேறு யாருடைய நாயோ பிடித்துவிட்டது, அதுதான் விஷயம். வெளியே விட்டால் வண்டியில் அடிபட்டுச் சாகும், உள்ளே இருந்தால் இரண்டு வருடமாவது இருக்கும். எது மேல்? மனைவி துரையின் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். துரையின் தலை அவள் மடியில் இருந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு நர்ஸ் கடைக்கு வந்தாள். இரவு வேலை பார்க்கிறவள். போன வருடம் இவரிடம் இருட்டுத் துணியில் திரை தைத்து வாங்கிப் போனவள். அதையே மடித்து எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

“தையல் பிரிஞ்சுடுச்சாம்மா?”

“தையலெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. ரொம்ப நல்லா இருக்கு, அதான் பிரச்சினை. நடுவுல ஒரு கை அகலத்துக்கு வெட்டி, மெல்லிசு துணி வெச்சுக் கொடுங்க.”

“வெளிச்சம் வருமேம்மா. தூக்கம் கெட்டுடும்.”

“தூக்கமெல்லாம் நல்லா வந்துச்சுண்ணே. தூங்கித் தூங்கியே ஆளு போயிட்டேன். கண்ணைத் திறந்தா காலையா சாயங்காலமான்னு தெரியல. வெளிய மழையா வெயிலான்னு தெரியல. பசி நின்னுபோச்சு. ஒரு நாள் எழுந்திரிச்சு சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம்னே தெரியாது. எங்கம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘இப்பத்தான் பொண்ணு அமைதியா இருக்கா’ன்னு சந்தோஷப்பட்டுச்சு.” அவள் சிரித்தாள். அது பாதிச் சிரிப்புதான். “நான் அமைதியா இல்லண்ணே. அணைஞ்சுபோயிருந்தேன்.”

அவள் போன பிறகு கர்ட்டன்காரர் அந்தத் துணியை விரித்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். வெட்டவில்லை. அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

நடுப்பகல். ஆனால் அந்த அறையில் எந்நேரமும் ஒரே நேரம்தான். துரை மெத்தையில் கிடந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் படுத்தார். அன்று துரை தூங்கவில்லை, ஓடவில்லை. கண்ணைத் திறந்தபடி திரை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எங்கோ ஒரு பறவை சிறகடித்தது. துரையின் காது லேசாக நிமிர்ந்து மறுபடி தொங்கியது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. புல்வெளி வரும் என்று பார்த்தார். வரவில்லை. தன்னுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு வருடம். இந்த இருட்டில் இவன் இரண்டு வருடம். அவர் சட்டென்று எழுந்து, திரையின் மடிப்பை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். தன் தையலின் உறுதி அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. திரை கிழியாமல், ஆணியும் கம்பியுமாகப் பெயர்ந்து வந்தது.

வெளிச்சம் அறைக்குள் கொட்டியது. துரை எழுந்து நின்றது. தள்ளாடித் தள்ளாடி ஜன்னல் விளிம்பில் தாடையை வைத்து, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு புறா, காயும் துணி என்று ஒவ்வொன்றாக, பசித்தவன் சாப்பிடுவதுபோல், பார்த்தது. கர்ட்டன்காரர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மனைவி ஓடிவந்தாள்.

“கொன்னுட்டேன்டி இவனை. உசிரோட வெச்சே கொன்னுட்டேன்.”

“இன்னும் கொல்லல. எந்திரிங்க,” என்றாள் அவள். “முதல்ல நடக்க வைப்போம். அப்புறம் ஓட இடம் தேடுவோம்.”

நடக்க வைத்தார்கள். முதலில் தெருக்கோடி வரை, பிறகு இரண்டு தெரு, பிறகு நான்கு. டாக்டரம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, எப்படி நடத்துவது, எவ்வளவு நடத்துவது என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஓடுவதற்குத்தான் இடமில்லை. பூங்காவில் நாய்க்கு அனுமதி கிடையாது. மைதானத்தைச் சுற்றி எப்போதும் வண்டிகள். ஒரு நகரத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, ஓடுவதற்கு மட்டும் இல்லை.

இடத்தைக் கண்டுபிடித்தவள் மனைவிதான். ஊர்க்கோடியில் இருக்கும் சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் கடல் இருக்கிறது. அது குளிக்கிற கடல் அல்ல, யாரும் போவதில்லை. கடல் உள்வாங்கும்போது அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கெட்டியான ஈர மணல் வெளிப்படும். இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். பிறகு தண்ணீர் திரும்பி வந்து மூடிவிடும்.

ஒரு சங்கடம். கடல் இவர்கள் கடிகாரத்துக்கு உள்வாங்காது. இன்று காலை ஆறு மணி என்றால் நாளை ஏழு மணி வாக்கில், மறுநாள் எட்டு மணிக்குக் கிட்டத்தில். கடைக்கு ஒரு பலகை செய்தார்கள்: ‘இன்று கடை திறக்கும் நேரம்’ என்று எழுதி, பக்கத்தில் தினமும் அழித்து எழுதச் சாக்பீஸ். “என்னய்யா, ஒரு நாள் ஒன்பதுங்கற, ஒரு நாள் பன்னிரண்டுங்கற? உன் கடைக்கு நிலாவா முதலாளி?” என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். “கிட்டத்தட்ட அப்படித்தாங்க,” என்பார் அவர். உண்மையும் அதுதான். கடலை உள்வாங்க வைப்பது நிலாதானே.

ஐந்து மாதம் அந்த மணலில் கயிற்றோடு நடந்தார்கள். பிறகு அவர் மூச்சுவாங்க மெதுவோட்டம் ஓடினார், துரை பக்கத்தில் சும்மா நடந்தது. தொடையில் சதை வைத்தது. துரை இப்போது தூரத்தில் பறவைகளைக் கண்டால் நின்று, உடம்பு முழுவதும் ஒரு கம்பியாக இறுகும். கயிறு அவர் கையில் அதிரும். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “இனிமே கயிறு வேண்டாம் சார்,” என்றார். அதற்கப்புறமும் இரண்டு வாரம் அவரால் முடியவில்லை. அந்த நான்கு தெருவும் பிரேக் சத்தமும் இன்னும் அவர் காதில் இருந்தன. இந்த இன நாய் ஓடுகிற எதையாவது பார்த்துவிட்டால் அதற்குக் காது கேட்காது, கூப்பிட்டால் வராது என்று அவருக்குத் தெரியும். அதோடு, இப்போது அவர் காப்பாற்ற நினைத்தது ஒரு வம்சத்தை அல்ல. இந்த ஒரு நாயை.

அந்தக் காலையில் மெல்லிய பனிமூட்டம். கடல் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஈர மணலில் ஆகாயம் அப்படியே விழுந்து கிடந்தது. எது மேல், எது கீழ் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தரகரும் வந்திருந்தார், பளபளக்கும் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு.

கர்ட்டன்காரர் குனிந்து கொக்கியைத் தொட்டார்.

“வராட்டி?” என்றார் மனைவியைப் பார்த்து.

“வராட்டி அழுவோம். அதுக்காக இப்பவே கட்டிவெச்சு அழணுமா?”

கொக்கியைக் கழற்றினார்.

துரை முதலில் நம்பவில்லை. ஒரு எட்டு வைத்து நின்று, கழுத்தை உதறிப் பார்த்தது. தூரத்தில், ஆகாயமும் மணலும் சேரும் இடத்தில், வெள்ளைப் பறவைக் கூட்டம் ஒன்று அசைந்தது. பிறகு துரை அங்கே இல்லை.

அது ஓடியதை எப்படிச் சொல்வது? நான்கு கால்களும் ஒன்றாகச் சேர்ந்தன, ஒன்றாக விரிந்தன, மண்ணைத் தொட்ட நேரத்தைவிடத் தொடாத நேரமே அதிகம். கீழே மணலில் இன்னொரு துரை தலைகீழாக அதே வேகத்தில் ஓடியது. சத்தமே இல்லை. காற்றில் காது மயிர் பின்னால் பறந்தது. பறவைகள் எழும்பின, அவை எழும்பிய இடத்துக்குள் துரை புகுந்து, அப்பால் போய், பனிக்குள் ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் கரைந்தது.

“ஐயையோ, விட்டுட்டீங்களே சார்!” என்று தரகர் தலையில் அடித்துக்கொண்டார். “தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற கதையா இல்ல இருக்கு! எப்பேர்ப்பட்ட ரத்தம் சார் அது!”

கர்ட்டன்காரர் வாயில் கை குவித்து ஒரு தடவை கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடவில்லை. நேரம் போனது. மணலின் சுருக்கங்களில் தண்ணீர் மெல்ல ஊறத் தொடங்கியது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனால் அது அன்று அறையில் அழுத அழுகை இல்லை. போனால் போகட்டும், ஒரு தடவையாவது அது எதற்குப் பிறந்ததோ அதைச் செய்துவிட்டது என்று ஒரு நிம்மதி அந்தத் துக்கத்துக்குள்ளேயே இருந்தது. இப்படியும் ஒரு நிம்மதி இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

பின்பக்கம் தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டது. எதிர்பார்த்த திசையிலிருந்து அல்ல, முற்றிலும் வேறு பக்கத்திலிருந்து, வட்டம் அடித்து, துரை வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை. தனக்கு அவசரம் ஒன்றுமில்லை என்பதுபோல நடந்து வந்தது. நாக்கு ஒரு முழம் தொங்கியது. வயிறு வரை சேறு. வந்து, அவர் தொடையில் தன் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நின்றது. அதன் இதயம் அடிப்பது அவர் காலில் தெரிந்தது.

“வந்தாருய்யா துரை,” என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

தரகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வியாபாரமும் வந்தது. “அப்பாடா! சார், இனிமே தள்ளிப்போட வேண்டாம். இப்பவே ஜோடி சேர்த்துடலாம். குட்டிக்கு ஆள்கூட ரெடி. இருபதாவது மாடி, சுத்தியும் கண்ணாடி ஹால். அந்த ஹாலுக்கு நடுவுல இது நின்னா எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க!”

கர்ட்டன்காரர் நினைத்துப் பார்த்தார். எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

“குட்டி தரமாட்டேங்க.”

“என்ன சார் இது, அழிஞ்சுபோற இனம். நீங்களே இப்படிச் சொன்னா?”

“நானும் மூணு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இனத்தைக் காப்பாத்தறேன், இனத்தைக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கிட்டே வீட்டுல இருந்த ஒரு உசிரைச் சாகடிச்சுக்கிட்டிருந்தேன்.” துரையின் ஈரக் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அவர் பேசினார். குரல் உயரவில்லை. “அழகா இருக்குன்னு வாங்கறவங்க யாரும் எதையும் காப்பாத்தறதில்லங்க. ஒரு உசிருக்கு அது வாழற வாழ்க்கையைக் கொடுக்க முடியாதுன்னா, எவ்வளவு ஆசையா இருந்தாலும் அதை வாங்கக் கூடாது. உங்க ஆளுகிட்ட போய்ச் சொல்லுங்க. இந்த இனம் இத்தனை ஆயிரம் வருஷம் பொழைச்சு வந்தது நாலு பேர் பார்க்க நின்னதால இல்ல. திரும்பி வருமோ வராதோன்னு பயந்துக்கிட்டே, தினமும் காலையில யாரோ ஒருத்தர் கயித்தை விட்டதாலதான்.”